டிரெய்லர் இழுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலும் அமெரிக்காவிலும் டிராவல் டிரெய்லர் வாங்கி, கோடை பிறந்ததும் குடும்பத்தோடு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் புறப்படுகிற அன்பர்களே,

உங்கள் டிரெய்லரின் விலை உங்களுக்குத் தெரியும். மாதத் தவணை தெரியும். அதில் எத்தனை பேர் படுக்கலாம், ஃபிரிட்ஜில் எவ்வளவு இறைச்சி கொள்ளும், வெய்யில் மறைப்பு எத்தனை அடி விரியும் என்பவற்றையெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் விஸ்தாரமாகச் சொல்லவும் தெரியும். ஆனால், சாமானும் தண்ணீரும் காஸும் ஏற்றிப் பிரயாணத்துக்குத் தயாராக நிற்கும்போது, அந்த டிரெய்லரின் மூக்கு உங்கள் வண்டியின் பின்னாலுள்ள இணைப்புக் குண்டின்மீது எத்தனை கிலோவாக அழுத்திக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், உங்களில் பெரும்பாலோர் விற்பனைப் புத்தகத்தில் அச்சாகியிருந்த எண்ணைச் சொல்கிறீர்கள். மற்றவர்கள், "அதெல்லாம் டீலர் பார்த்துத்தானே கொடுத்தார்" என்கிறீர்கள். இவ்விரண்டு பதில்களிலும் எனக்குள்ள மனக்குறையை, சற்றுக் கடுமையாகத் தொனித்தாலும் பாதகமில்லையென்று, நேரே உங்களிடமே சொல்லிவிடத் துணிந்தேன்.

டங் வெயிட் என்று இங்கே எல்லாரும் சொல்லும் இந்தப் பாரம் நம் முன்னோருக்குப் பழக்கமில்லாத சங்கதியன்று. நெல் மூட்டையையோ புகையிலைச் சிப்பத்தையோ ஏற்றிய மாட்டுவண்டியைப் பூட்டுமுன், நுகத்தடியைக் கையால் ஒருதரம் தூக்கிப் பார்த்து, முன்பாரம் மிகுந்திருந்தால் ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவதும், பின்பாரமாகி நுகம் மேலே எழும்பினால் ஒன்றை முன்னுக்கு இழுத்துவைப்பதும் தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் வண்டிக்காரனுக்கு மூச்சு விடுவதுபோன்ற வழக்கம். பாரம் பிசகினால் மாடு முரண்டு பிடித்து நின்றுவிடுமாகையால், அந்தப் பரிசோதனையை எவனும் மறந்ததில்லை. உங்கள் வண்டியிலோ மாட்டுக்குப் பதிலாக முந்நூறு குதிரைச் சக்தியுள்ள எஞ்சின் இருக்கிறது; அது முரண்டுவதுமில்லை, முனகுவதுமில்லை; விபரீதம் நேருகிற கணம்வரையில் ஒன்றும் சொல்லாமல் மணிக்கு நூறு கிலோமீட்டரில் இழுத்துக்கொண்டே போகிறது. முன்பாரம் என்ற பழைய வார்த்தையையே இனிமேல் நானும் எழுதுகிறேன்.

அது குறைந்தால் என்ன ஆகுமென்பதை முதலில் சொல்லவேண்டும். ஏனெனில் உயிரைக் குடிக்கிற தவறு அதுதான். டிரெய்லரின் சக்கரங்களுக்குப் பின்னால் சாமான் மிகுந்து மூக்கு இலேசாகிவிட்டால், மொத்தப் பாரத்தின் மையம் அச்சை நெருங்கியோ அச்சைத் தாண்டியோ பின்னுக்குப் போய்விடுகிறது; அந்த நிலையில், ஒன்டாரியோவின் 401ஆம் நெடுஞ்சாலையில் உங்களை முந்திச் செல்லும் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் தள்ளிவிடும் காற்றோ, மரச்செறிவு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் குறுக்கே அடிக்கும் காற்றோ, ஸ்டியரிங்கில் உங்கள் கை செய்த அற்பத் திருத்தமோ டிரெய்லரின் வாலை ஒரு சாண் இடப்புறம் ஒதுக்கினால், அது தானாக அடங்கி நேராகாமல், வலப்புறம் ஒன்றரைச் சாண், திரும்ப இடப்புறம் இரண்டு சாண் என்று வீச்சுக்கு வீச்சு வளர்ந்து, ஒவ்வொரு வீச்சிலும் வண்டியின் பின்பக்கத்தையும் பிடித்து உலுக்கி, நீங்கள் "என்ன இது?" என்று கேட்டு முடிப்பதற்குள் உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பள்ளத்துக்கோ எதிர்ச்சாரிக்கோ இழுத்துக்கொண்டு போகக்கூடும். வேகம் ஏற ஏற இந்த ஆட்டத்தை அடக்கும் இயல்பு டிரெய்லருக்குக் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வேகத்துக்கு மேலே அது அடங்குவதேயில்லை. எண்பதில் சாதுவாகப் பின்தொடர்ந்த டிரெய்லர் நூற்றுப்பத்தில், அதுவும் சரிவான இறக்கத்தில், பேய் பிடித்ததுபோல் ஆடுவதற்கு இதுவே காரணம். அப்படி ஆடத் தொடங்கினால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கண்ட்ரோலரின் கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியே பிடியுங்கள். அந்த விசை எங்கே இருக்கிறதென்று, ஓட்டுகிற ஒவ்வொருவரும், மாற்றி ஓட்டும் மனைவியும் மூத்த மகனும் உட்பட, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டும்படி பழகியிருக்கவேண்டும்.

இந்தக் கண்டத்தின் டிராவல் டிரெய்லர்களுக்கு, சாமான் ஏற்றிய மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை முன்பாரமாக இருக்கவேண்டுமென்பது நெடுநாள் அனுபவத்தில் நிலைபெற்ற கணக்கு. ஏற்றிய டிரெய்லர் 2,900 கிலோ இருக்குமானால், அதன் முன்பாரம் 290க்குக் குறையாமலும் 435ஐத் தாண்டாமலும் இருக்கவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதத்தில் இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கலாம். இந்த இடத்தில் ஜெர்மனியிலிருந்தோ லண்டனிலிருந்தோ கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மைத்துனர், "எங்கள் ஊரில் நூறு கிலோவுக்கு மேல் வைக்கவே விடமாட்டார்கள், ஐந்து சதவீதமே போதும்" என்று ஆட்சேபிப்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அங்குள்ள கேரவன்கள் இலகுவானவை, கனமான பாகங்கள் அச்சை ஒட்டியே அமையும்படி கட்டப்பட்டவை. ஜெர்மனியில் அவற்றை இழுத்துப் போகும் வேகம் சாதாரணமாக 80 கிலோமீட்டர், விசேஷ அனுமதி பெற்றால் 100. அங்கே செல்லும் கணக்கு இங்கே செல்லாது. மைத்துனருக்கு இறைச்சி வாட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, தராசைப் பற்றிய முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, முன்பாரம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?" என்று உங்களில் சிலர் நினைப்பதும் எனக்குத் தெரியும். அங்கேதான் இரண்டாவது கண்ணி இருக்கிறது. நம்முடைய குடும்பங்கள் விசேஷமாக அகப்பட்டுக்கொள்வதும் இதில்தான். உங்கள் வண்டி 3,400 கிலோ இழுக்குமென்று விளம்பரம் சொல்கிறது. அந்த எண்ணை நீங்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறீர்கள். தயவுசெய்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் டயர் காற்றழுத்தச் சீட்டை ஒருதரம் வாசியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டலாகாது என்று அதில் எழுதியிருக்கும். முன்பாரம் முழுவதும் அந்த எடைக்குள் அடக்கம். சீட்டில் 650 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியுமாக 150. மூன்று பிள்ளைகள் 130. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா 60. பின்னால் அரிசி மூட்டை, ஐஸ் பெட்டி, பொங்கல் அண்டா, பந்து, மடக்கு நாற்காலி என்று 60. இணைப்புக் கருவியின் தலையும் கம்பிகளும் 40. இதுவே 440 ஆயிற்று, மிச்சம் 210. அதன்மேல், முன்சொன்ன 2,900 கிலோ டிரெய்லரின் 360 கிலோ முன்பாரத்தை வைத்தால், வண்டி சுமக்கக்கூடியதைவிட 150 கிலோ அதிகமாகச் சுமந்துகொண்டு நிற்கிறது. இழுக்கும் திறன் இன்னும் ஐந்நூறு கிலோ பாக்கியிருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துபோய்விட்டது!

விளம்பர எண் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. எஸ்.ஏ.இ. ஜே2807 என்னும் அளவுமுறைப்படி அந்த எண்ணை நிர்ணயிக்கும்போது, வண்டியில் ஓட்டுநரும் ஒரே ஒரு பிரயாணியும், ஆளுக்கு 68 கிலோவாக, உட்கார்ந்திருப்பதாகவே கணக்கு. அந்தக் கணக்கில் மூன்று பிள்ளைகளுக்கும் இடமில்லை, அம்மம்மாவுக்கு இடமில்லை, அண்டாவுக்கும் இடமில்லை. இதை விற்பனைக் கூடத்தில் யாரும் நமக்குச் சொல்வதில்லை என்பது என் முதல் குறை. இரண்டாவது குறை விற்பனைப் புத்தகத்தின்மீது. அதிலுள்ள முன்பாரம் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வெளிவந்த டிரெய்லரின் முன்பாரம்; பாட்டரியும் காஸ் சிலிண்டர்களும் இல்லாத நிலையில் எடுத்தது. முப்பது பவுண்டு காஸ் கொள்ளும் சிலிண்டர்கள் இரண்டு நிரம்பியிருந்தால், அவை மட்டுமே ஏறத்தாழ 50 கிலோ. அவையும் பாட்டரியும் மூக்கின்மீதே உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் படுக்கைக்கு அடியிலுள்ள முன் அலமாரியில் நீங்கள் திணித்தவை வேறு. புத்தகத்தில் 250 என்று படித்த எண், நீங்கள் புறப்படும் காலையில் 360 ஆகியிருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

போன கோடையில் அல்கான்குவின் பூங்காவுக்குப் போகும் 60ஆம் சாலையோரத்து எரிபொருள் நிலையமொன்றில், நம்மவர் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. புதிய டிரெய்லர், பளபளப்பான ஏழுபேர் வண்டி. வண்டியின் பின் டயருக்கும் அதன் மேல்வளைவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடமில்லை. முன் டயருக்கு மேலே என் உள்ளங்கை முழுவதும் போய் வந்தது. பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த முன்விளக்குகளின் வெளிச்சம் எதிரேயிருந்த கூரையின் விளிம்பில் விழுந்துகொண்டிருந்தது. குடும்பத்தலைவர் மிகவும் பண்பானவர். "ஸ்டியரிங் இன்றைக்கு என்னவோ வெண்ணெய்போல் இலகுவாக இருக்கிறது, அண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னார். முன்சக்கரங்கள் சாலையைப் பாதிதான் பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்டியரிங் வெண்ணெய்போல்தான் இருக்கும். மழை பெய்து நனைந்த வளைவில் திருப்பும்போதும், அவசரமாக நிறுத்தவேண்டி வரும்போதும், அந்த வெண்ணெய் எதற்கும் உதவாது.

இதற்குப் பரிகாரமாகத்தான், உங்களில் பலர் வாங்கி மாட்டியும் எதற்கென்று அறியாமலே சுமந்துகொண்டிருக்கிற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்னும் கருவி இருக்கிறது. அதன் தத்துவத்தை ஒரு கணக்கினால் விளக்குகிறேன், பொறுமையாகப் படிக்கவேண்டும். வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.7 மீட்டர், பின் அச்சிலிருந்து இணைப்புக் குண்டு 1.5 மீட்டர் பின்னால். குண்டின்மீது 360 கிலோ அமர்ந்தால், பின் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, தன்மீது 506 கிலோவை ஏற்றுக்கொள்கிறது. முன் அச்சோ 146 கிலோவை இழந்து மேலே எழும்புகிறது. ஹிட்சின் இரண்டு வில்கம்பிகளையும் சங்கிலியால் இறுக்கி டிரெய்லரின் சட்டத்தோடு கட்டும்போது, அவை அந்த நெம்புதலை எதிர்த்து வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அமுக்குகின்றன. பின் அச்சிலிருந்து எடுத்த பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும், இன்னொரு பங்கைப் பின்னாலுள்ள டிரெய்லரின் அச்சுகளுக்கும் அனுப்புகின்றன. முன் அச்சு இழந்ததில் பாதியை மீட்கும்படி இறுக்கினால், அதன் குறை 73 கிலோவாகச் சுருங்கும். பின் அச்சின் கூடுதல் 391 கிலோவாகும். டிரெய்லரின் குண்டிலிருந்து அச்சுவரை ஐந்து மீட்டர் இருக்குமானால், 42 கிலோ அந்த அச்சுகளுக்குப் போய்ச் சேரும். பாதி மீட்கவேண்டுமா, முழுவதும் மீட்கவேண்டுமா என்பதை வண்டிக்கு வண்டி அதன் கையேடு சொல்கிறது; அண்டை வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்கவேண்டாம், கையேட்டைப் புரட்டுங்கள். அளவுக்குமீறி இறுக்குவதும் ஆபத்தே. பின்சக்கரங்கள் இலேசாகி, ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

டீலர் ஒருநாள் மாட்டிக் கொடுத்த இறுக்கம் சரிதானா என்று பார்க்க ஓர் அளவுநாடா போதும். டிரெய்லர் மாட்டாதபோது முன் டயருக்கு மேலுள்ள வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமென்று அளந்து எழுதுங்கள். மாட்டிக் கம்பி போடாமல் ஒருதரம், கம்பி போட்டு ஒருதரம். முதல் அளவு 90 சென்டிமீட்டராகவும் இரண்டாவது 94ஆகவும் இருந்தால், பாதி மீட்கவேண்டிய வண்டியில் மூன்றாவது 92க்குப் பக்கத்தில் வரவேண்டும். வராவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டியோ குறைத்தோ, அல்லது ஹிட்சின் தலைச் சாய்வை மாற்றியோ பாருங்கள். டீலர் மாட்டிய அன்றைக்கு உங்கள் டிரெய்லர் காலியாக இருந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

இந்தக் கருவியைப்பற்றி இரண்டு மூடநம்பிக்கைகள் நம்மிடையே உலவுகின்றன. இதை மாட்டினால் வண்டி சுமக்கக்கூடிய எல்லையே உயர்ந்துவிடுமென்பது ஒன்று. கதவுத் தூணிலுள்ள எண்ணை எந்த ஹிட்சும் உயர்த்துவதில்லை. ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கம்பியும் வண்டியிலேயே உள்ள மின்னணுக் காவலும் இருப்பதால் முன்பாரத்தைப்பற்றிக் கவலை வேண்டாமென்பது மற்றொன்று. பின்பாரமான டிரெய்லருக்கு அவை தைலம் பூசுகின்றன, நோயைத் தீர்ப்பதில்லை.

இனி நிறுத்துப் பார்க்கும் விஷயம். லாரிகள் தங்கும் நெடுஞ்சாலை நிறுத்தங்களில் காட் ஸ்கேல் என்ற பெயரில் எடைமேடைகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; அவை லாரிகளுக்கு மட்டுமென்று நினைத்துக் கடந்தும் போயிருப்பீர்கள். அவை உங்களுக்கும் திறந்தவையே. மேடை மூன்று தட்டுகளாகப் பிரிந்திருக்கும்: முதல் தட்டில் வண்டியின் முன்சக்கரம், இரண்டாவதில் பின்சக்கரம், மூன்றாவதில் டிரெய்லரின் சக்கரங்கள் நிற்கும்படி நிறுத்தி, பொத்தானை அமுக்கி வந்திருப்பதைச் சொன்னால், ஒவ்வோர் அச்சின் எடையும் தனித்தனியாகச் சீட்டில் அச்சாகி வரும். மூன்று தரம் நிறுக்கவேண்டும். கம்பிகளை மாட்டி ஒருதரம். கம்பிகளைக் கழற்றி ஒருதரம். டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு, அதே ஆட்களோடும் சாமானோடும் வண்டியை மட்டும் ஒருதரம். வண்டி தனியாக நிற்கும்போது முன் அச்சில் 1,400, பின் அச்சில் 1,450, ஆக 2,850 என்று வந்து, கம்பியில்லாமல் மாட்டியபோது அவ்விரண்டும் 1,254, 1,956 ஆக 3,210 என்று வந்தால், வித்தியாசமான 360 கிலோதான் உங்கள் முன்பாரம். மூன்றாவது தட்டில் 2,540 வந்திருக்கும்; அதோடு 360ஐக் கூட்டினால் டிரெய்லரின் உண்மையான எடை 2,900. சதவீதம் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவு, ஒழுங்கான எண். கம்பி மாட்டிய சீட்டில் முன் அச்சு 1,327 காட்டுமானால், இழந்த 146இல் பாதி திரும்பியிருக்கிறது. இந்த மூன்று சீட்டுகளும் கையிலிருந்தால், டயரும் அச்சும் தாங்கும் எல்லைக்குள் இருக்கிறீர்களா என்பதையும் கதவுச் சீட்டோடு ஒப்பிட்டு நீங்களே சொல்லிவிடலாம்.

எடைமேடைக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்கு, வீட்டுக் குளியலறையில் ஆள் நிறுக்கும் தராசு இருக்கிறது. 360 கிலோவை அதன்மேல் நேரே வைத்தால் அது நொறுங்கும். ஆகவே ஓர் உறுதியான மரக்கட்டையை எடுத்து, ஒரு முனை செங்கல்லின்மேல் ஒரு குழாய்த்துண்டில் தங்கும்படியும், மறு முனை தராசின்மேல் இன்னொரு குழாய்த்துண்டில் தங்கும்படியும் வைத்து, டிரெய்லரின் மூக்கைச் செங்கல் பக்கத்துக் குழாயிலிருந்து ஓரடியிலும் தராசுப் பக்கத்துக் குழாயிலிருந்து ஈரடியிலும் அமரச் செய்யுங்கள். தராசு காட்டுவது மூன்றில் ஒரு பங்கு. மூன்றால் பெருக்கினால் முன்பாரம். கட்டையை மட்டும் வைத்தபோது தராசு காட்டியதை முதலில் கழித்துவிடவேண்டும். டிரெய்லர் மட்டமாக நிற்கவேண்டும். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அடைகட்டை வைத்திருக்கவேண்டும். மூக்குக்கு அடியில் எவரும் கையையோ காலையோ நீட்டக்கூடாது. பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடுங்கள், தூரத்தில் நிறுத்தி.

ஒருதரம் நிறுத்துவிட்டால் ஆயுளுக்கும் அந்த எண் மாறாதென்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் நான்கு சைக்கிள்களையும் அவற்றைத் தாங்கும் சட்டத்தையும் டிரெய்லரின் பின் பம்பரில் தொங்கவிடுகிறீர்கள். 80 கிலோ என்று வையுங்கள். அது அச்சுக்கு நான்கு மீட்டர் பின்னாலிருந்து நெம்பி, ஐந்து மீட்டர் முன்னாலுள்ள மூக்கை 64 கிலோ அளவுக்குத் தூக்கிவிடுகிறது. 360ஆக இருந்த முன்பாரம் 296 ஆகிறது. மொத்த எடையோ 2,980ஆக உயர்கிறது. பன்னிரண்டு சதவீதத்துக்கு மேலிருந்த ஒழுங்கான டிரெய்லர், நான்கு சைக்கிள்களால் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது! பம்பரில் எதையும் தொங்கவிடாதீர்களென்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியும் அப்படியே: 150 லிட்டர் என்றால் 150 கிலோ, தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் நிரப்புவது மூக்கை இலேசாக்கும், முன்னால் இருந்தால் கனமாக்கும். உங்கள் தொட்டி எங்கே இருக்கிறதென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? குனிந்து பாருங்கள். கழிவுத் தொட்டிகளை நிரம்பியபடியே வைத்துக்கொண்டு திரும்புவதும் இதே கணக்கில் சேரும். முன்பாரத்தைச் சரிக்கட்ட மூக்கில் ஒரு மூட்டையும் வாலில் ஒரு மூட்டையுமாக ஏற்றி, எண் சரியாக வந்துவிட்டதென்று மகிழ்வதும் விவேகமன்று. இரண்டு கோடிகளிலும் கனம் இருந்தால், ஒருதரம் ஆடத் தொடங்கிய டிரெய்லரை நிறுத்துவது மிகக் கடினம். அரிசியும் தேங்காயும் இரும்புத் தோசைக்கல்லும் அச்சுக்கு மேலே, அச்சுக்குச் சற்று முன்னால், தரையில் வைக்கப்படவேண்டியவை.

"ஐந்து வருஷமாக இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிற அன்பர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று பலநாள் யோசித்திருக்கிறேன். நீங்கள் திறமையாக ஓட்டுகிறீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கனத்திருக்கிறார்கள். மூன்று சைக்கிள் நான்காகியிருக்கிறது. டிரெய்லரில் மாட்டிய மின்விசிறியும் சூரியத் தகடும் இரண்டாவது பாட்டரியும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் வருஷம் இழுத்த டிரெய்லரை நீங்கள் இப்போது இழுக்கவில்லை. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. ஒன்டாரியோவில் சாதாரண ஜி லைசென்ஸ் வைத்திருப்பவர் 4,600 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். அதற்கென்று தனிப் பரீட்சை கிடையாது. 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள டிரெய்லருக்குப் பிரேக் இருக்கவேண்டுமென்று சட்டம் கேட்கிறது. முன்பாரம் எவ்வளவென்று உங்களை யாரும் வழியில் மறித்துக் கேட்பதில்லை. உங்களுக்குப் பின்னால் வரும் வண்டியில் இருக்கிற, உங்களை ஒருபோதும் அறியாத குடும்பத்துக்கு, உங்கள் சிரத்தையைத் தவிர வேறு காவலில்லை.

நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் "இந்த வண்டி இதை இழுக்குமா?" என்று ஒருவர் கேட்டவுடனே, "தாராளமாக இழுக்கும், மச்சான்" என்று பத்துப் பேர் ஐந்து நிமிஷத்துக்குள் எழுதிவிடுகிறீர்களே, அதை நிறுத்திவிட்டு, "கதவுச் சீட்டில் என்ன எண்? எத்தனை பேர் போகிறீர்கள்? நிறுத்துப் பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்குங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். இன்னும் டிரெய்லர் வாங்காமல் கண்காட்சிகளில் சுற்றிக்கொண்டிருப்பவர்கள், டிரெய்லரின் நீளத்தைப் பார்த்து ஆசைப்படுமுன் தங்கள் வண்டியின் கதவுச் சீட்டிலிருந்து குடும்பத்தின் எடையையும் சாமானின் எடையையும் கழித்து, மிஞ்சிய எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். மிஞ்சிய அந்த எண்ணில் அடங்காத முன்பாரமுள்ள டிரெய்லரைக் குழந்தைகள் அழுதாலும் வாங்கவேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன: தண்ணீரை முகாமில் போய் நிரப்பலாம், சைக்கிள்களில் இரண்டை வீட்டில் விடலாம், அம்மம்மாவையும் அண்டாவையும் சித்தப்பாவின் காரில் அனுப்பலாம். எதுவும் போதாதென்றால், அந்த வண்டியால் அந்த டிரெய்லரை இழுக்க முடியாதென்று ஒப்புக்கொண்டு, சிறிய டிரெய்லருக்கோ பெரிய வண்டிக்கோ மாறிக்கொள்ளத்தான் வேண்டும். அது கசப்பான செலவு என்பதை அறிந்தே சொல்கிறேன்.

ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் நடத்துகிறவர்களே, உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். மே மாதத்து விக்டோரியா தின நீள்விடுமுறையில்தான் பெரும்பாலோர் முதல்தரம் டிரெய்லரை வெளியே எடுக்கிறார்கள். அதற்கு முந்திய ஒரு சனிக்கிழமை காலையில், உங்கள் அங்கத்தினர்களில் டிரெய்லர் வைத்திருப்பவர்களையெல்லாம், முழுச் சாமானோடும் முழுக் குடும்பத்தோடும், பக்கத்திலுள்ள லாரி நிறுத்தமொன்றுக்கு அழைத்துப் போங்கள். லாரி ஓட்டுவதே ஜீவனமாகக் கொண்ட நம்மவர் பலர் உங்கள் சங்கங்களிலேயே இருக்கிறார்கள்; எடைமேடையில் ஏறி இறங்குவது அவர்களுக்கு அன்றாட வேலை; அவர்களில் இருவரை உடன் அழைத்துப் போனால், சீட்டை எப்படிப் படிப்பதென்று அங்கேயே சொல்லிக்கொடுப்பார்கள். லாரிகள் வரிசையில் காத்திருக்கும்போது மேடையில் நின்று புகைப்படம் எடுக்கவேண்டாம். முன்பாரம் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்த குடும்பம் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே கதவைத் திறந்து, பின்னாலிருப்பதை முன்னுக்கு மாற்றி, சைக்கிள்களை இறக்கி, மறுபடி மேடையில் ஏறட்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதே இடத்தில் மறுதரம் நிறுப்பதற்குக் கட்டணமும் குறைவு.

இங்ஙனம்,
உங்களைப்போலவே டிரெய்லர் இழுக்கும் ஒருவன்